ஆறு மணிக்கு வந்த வீட்டுக்காரர்

முதல் நாள் மாலை ஆறு மணிக்கு வாசல் பூட்டில் சாவி திரும்பிய சத்தம் கேட்டபோது எக்ஸ்ரேக்குத் திருடன் நினைப்புதான் வந்தது. துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். உள்ளே வந்தவர் அவளுடைய வீட்டுக்காரர். கையில் டிபன் டப்பா, தோளில் பை, முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. வேலை முடிஞ்சது, வந்துட்டேன்."

வேலை முடிந்ததாம், வந்துவிட்டாராம்! கேட்பவள் கேனச்சியா? இருபத்திரண்டு வருஷமாக ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் வந்து, ஆறிப்போனதைப் பிசைந்து, வாயில் சோறு இருக்கும்போதே கண் செருகுகிற மனிதர் இவர். இப்போது வெளியூரில் படிக்கிற மகள், சின்ன வயதில் அப்பாவைப் படம் வரையச் சொன்னால் போர்வையைத்தான் வரைவாள். அப்படிப்பட்டவர் வெளிச்சம் இருக்கும்போதே வந்து நின்றால் எந்தப் பெண்டாட்டி சும்மா இருப்பாள்? துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

எக்ஸ்ரே என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர். அவள் அங்கே ஆபீஸ் கிளார்க். லீவு லெட்டர்களைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. அப்பா கையெழுத்தைப் பிள்ளையே போட்டிருந்தால், "உங்கப்பா பேனாவை இவ்வளவு அழுத்த மாட்டாரே தம்பி" என்பாள். மாமா கல்யாணத்துக்கு லீவு கேட்டால், "உங்க மாமாவுக்கு இது மூணாவதா, நாலாவதா?" என்று விரலை மடக்குவாள். தேறாத லெட்டரின் குறுக்கே சிவப்பு மையில் 'ஏற்க இயலாது' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பாள். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் டீச்சர்கள் வாய்க்கு வந்து, கடைசியில் அவளுடைய சொந்த அக்காவே போனில் "என்னடி எக்ஸ்ரே" என்று கூப்பிடுகிற அளவுக்குப் போய்விட்டது. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் வேலை. கடைகளிலிருந்து சீட்டு வரும். இன்னாருக்கு வலக்கண்ணுக்கு இவ்வளவு பவர், இடக்கண்ணுக்கு இவ்வளவு பவர் என்று. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு தட்டு. தட்டில் வலப்பக்கம் ஒரு குழி, இடப்பக்கம் ஒரு குழி, குழிக்கு ஒரு லென்ஸ். கண்ணாடி தயாரானதும் கடைசியாக மெஷினில் வைத்துப் பார்த்து, சீட்டோடு ஒத்துப்போனால் தன் நம்பர் முத்திரையைக் குத்தி அனுப்புகிறவர் செக்கர். இவர் ஏழாம் நம்பர். மாதாமாதம் அதிக நேரம் இருந்தவருக்கு பட்டறையில் ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுப்பார்கள், கண்ணாடி போட்டு, ஓரத்தில் தங்கக் கலர் கோடு இழுத்து. இவர் அதைப் பதினோரு தடவை வாங்கியிருக்கிறார். பதினொன்றையும் எக்ஸ்ரே டேப் வைத்து அளந்து, கூடத்துச் சுவரில் ஒரே வரிசையாக மாட்டி வைத்திருந்தாள்.

அவளுக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு போட்டி வேறு இருந்தது. வாய்விட்டு யாரும் சொன்னதில்லை, ஆனால் தினமும் சாயங்காலம் ஆறே கால் மணிக்கு போனில் நடக்கும். "என்னடி, வந்துட்டாரா?" என்று அக்கா ஆரம்பிப்பாள். "நீ வேறக்கா, அவர் வர ஒன்பதரை ஆகும்" என்று இவள் பெருமூச்சு விடுவாள். "எங்க வீட்டுல பத்துக்கு முன்னாடி வந்ததே கிடையாது, குளிக்கப் போனாக்கூட ரெண்டு போனையும் எடுத்துக்கிட்டுப் போறார்" என்று அக்கா அதைவிடப் பெரிய பெருமூச்சாக விடுவாள். யார் வீட்டு மனிதர் அதிக நேரங்கழித்து வருகிறாரோ அவரே பெரிய ஆள். கீழ்வீட்டுக்காரர் ஐந்தே முக்காலுக்கே வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அவர் பேச்சு எடுத்தால் 'பாவம்' என்று சேர்க்காமல் இருவரும் பேசியதே இல்லை.

அந்த மாதக் கடைசியில் பட்டறையில் தலைமைச் செக்கர் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் ஏழாம் நம்பருக்குத்தான் என்று ஈ காக்கைக்குக்கூடத் தெரியும். எக்ஸ்ரே அதை அக்காவிடம் சொல்லிவிட்டாள். அக்காவிடம் சொன்னால் அப்புறம் வேறு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்த நேரத்தில்தானா இந்த மனிதர் ஆறு மணிக்கு வந்து தொலைக்க வேண்டும்?

ஒரு நாள் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பாள். மறுநாளும் ஆறு மணி. அதற்கு மறுநாளும் ஆறு மணி. வேலை போய்விட்டதோ என்ற சந்தேகம்தான் முதலில் வந்தது. பள்ளிக்கூட போனிலிருந்து பட்டறைக்கு அடித்து, குரலை மாற்றிக்கொண்டு, "ஏழாம் நம்பர் செக்கர் இருக்காரா?" என்றாள். "சீட்லதான் இருக்கார், கூப்பிடவா?" என்றார்கள். வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

வேலை இருக்கிறது. அப்படியானால் உடம்பில் ஏதோ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது மார்பில் காதை வைத்துக் கேட்டாள். ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. சட்டைப் பையைத் துழாவினாள். ஒரு பஸ் டிக்கெட், லென்ஸ் துடைக்கும் துணி, பாதி சப்பிய மிட்டாய். எழுந்ததும், "நாக்கை நீட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க."

நீட்டினார். நாக்கில் என்ன இருக்கும், நாக்குதான் இருந்தது.

இன்னொருத்தியா என்றும் யோசித்தாள், விட்டுவைப்பாளா? ஆனால் இன்னொருத்தி இருக்கிறவன் நேரங்கழித்து வருவானே தவிர, நேரத்தோடு வந்து பாத்திரம் தேய்ப்பானா? ஆமாம், தேய்த்தார். கேட்காமலே தேய்த்தார். அது வேறு அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. ஒரு ஆம்பிளை கேட்காமல் பாத்திரம் தேய்த்தால் அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய குற்றம் இருக்கும்!

எல்லாவற்றையும்விட அவளை அரித்தது அவர் பார்வை. அவள் பேப்பரைப் பிரித்தால் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்வார். டிவியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்ப்பார்.

"தலை வலிக்குதா?"

"இல்லையே. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சும்மாவாம்! ஒரு நாளைக்கு நாற்பது பிள்ளைகள் வாயிலிருந்து அந்தச் 'சும்மா'வைக் கேட்கிறவள் அவள். அவளுக்குத் தலைவலி இருந்தது உண்மைதான். இரண்டு வருஷமாகப் பாடாய்ப் படுத்தியது. மாதம் ஒரு பாட்டில் தைலம் தீரும். வயசாகிறது, என்ன செய்ய என்று இருந்தாள். மூன்று மணிக்கு மேல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எந்த லெட்டரிலும் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்பது பிள்ளைகளுக்கே தெரிந்து, பொய் லெட்டரெல்லாம் மூன்று மணிக்கு மேல்தான் வரும். ஆனால் இப்போது சில வாரமாக வலி இல்லை. இரண்டாவது டீயை நிறுத்தியதால் என்று நினைத்துக்கொண்டாள். ஒரே வாரத்தில் நாலு பொய் லெட்டரைப் பிடித்தாள். "எக்ஸ்ரேக்குத் திரும்பவும் கரண்ட் வந்துடுச்சுடா" என்று வராந்தாவில் யாரோ புலம்பியது அவள் காதில் விழுந்து, அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

எல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று நாள்வாரியாக யோசித்துப் பார்த்தாள். பட்டறையில் மெஷின் ரிப்பேராகி ஒரு நாள் லீவு விட்டார்கள். பள்ளிக்கும் அன்று விடுமுறை. பகல் முழுக்க அவர் வீட்டில் இருந்தார். அவள் பேப்பர் படித்தாள், அவர் பார்த்தார். மறுநாள் காலையில், "உன் கண்ணாடியில ஸ்க்ரூ லூசா இருக்கு, டைட் பண்ணித் தரேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம்தான் முதல் தடவையாக ஆறு மணிக்கு வந்தார். அப்படியானால் அந்த லீவு நாளில் ஏதோ நடந்திருக்கிறது. யார் போன் செய்தார்கள், தபாலில் என்ன வந்தது, வாசலில் யார் நின்று பேசினார்கள் என்று மண்டையைக் குடைந்தாள். ஸ்க்ரூவைப் பற்றி மட்டும் அவள் யோசிக்கவே இல்லை.

அதற்குள் ஆறே கால் மணி போன் பெரிய தலைவலியாகிவிட்டது. மனிதர் நடுக்கூடத்தில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார், அக்கா "வந்துட்டாரா?" என்கிறாள். எக்ஸ்ரே பாய்ந்து போய் டிவியை அணைத்து, உதட்டில் விரலை வைத்து அவருக்கு ஜாடை காட்டிவிட்டு, "எங்கக்கா! புதுப் பதவி வரப்போகுதில்ல, இனிமே கேக்கவே வேண்டாம்" என்றாள். அந்த நேரம் பார்த்து அவருக்குத் தும்மல் வந்தது.

"யாருடி தும்முனது?"

"கீழ்வீட்டுக்காரர். ஆறு மணிக்கே வந்துட்டார், பாவம்."

மறுநாளிலிருந்து அவர் செருப்பையும் உள்ளே எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள், படியேறிப் போகிறவர்கள் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று. மூன்றாம் வாரம் அப்படி வைக்கக் குனிந்தபோது கை எதிலோ இடித்தது. இழுத்துப் பார்த்தால் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, பதினோரு பாராட்டுப் பத்திரங்கள். கூடத்துக்கு ஓடினாள். சுவரில் பதினோரு ஆணி. காலையில் அவருக்கு முன்னால் இவள் கிளம்பும்போது இருந்தவைதானே? அவருக்கு எதிரில் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அதையெல்லாம் எதுக்குக் கழட்டுனீங்க?"

"பார்க்கப் பிடிக்கலை."

"புதுசு மாட்டறதுக்கா? எப்போ பதவி குடுக்கறாங்க? தேதி சொன்னாங்களா?"

அவர் கையைப் பிசைந்தார். "வேண்டாம்னு சொல்லிட்டேன்மா."

எக்ஸ்ரே சுவரில் இருந்த பதினோரு ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா முகம் முதலில் வந்தது, அப்புறம் அக்கா சொல்லி வைத்திருக்கும் அத்தனை முகங்களும் வரிசையாக வந்தன.

"வேண்டாம்னா? யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"தலைமைச் செக்கர்னா கடைசித் தட்டு வெளியே போறவரைக்கும் உக்காந்திருக்கணும். என்னால முடியாது. எட்டு மணி நேரத்துக்கு மேல என் கண்ணை நானே நம்பறதில்ல. அஞ்சரைக்கு முத்திரையைப் பூட்டிட்டுக் கிளம்பிடறேன்."

"இருபத்திரண்டு வருஷமா நம்புனீங்களே!"

"அதான் தப்பு."

"முதல்ல கஷ்டமாத்தாங்க இருக்கும். கொஞ்ச நாள் போனா பழகிடும்."

இந்தச் சொல் ஒன்றும் புதிதில்லை. கல்யாணமான வருஷத்தில் அவர் வேலை நேரத்தைச் சொல்லிப் புலம்பியபோது இவள் சொன்னது, அதற்கப்புறம் எத்தனையோ தடவை சொன்னது. ஆனால் அன்று அதைக் கேட்டதும் அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். குட்டு இதற்குள்தான் இருக்கிறது என்று எக்ஸ்ரே முடிவு கட்டினாள்.

அவளுக்கு அவரைத் தெரியும். இரண்டு தடவை மறுப்பார், மூன்றாவது தடவை அவள் அழுத்திச் சொன்னால் சரி என்றுவிடுவார். இருபத்திரண்டு வருஷமும் அப்படித்தான் ஓடியது. அதனால் பதவி இன்னும் கையைவிட்டுப் போகவில்லை, பட்டறையில் யாரையும் போட்டுவிடாமல் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டாள். மறுநாள் தலைமையாசிரியருக்கு அரை நாள் லீவு லெட்டர் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் பேனா ஒரு நிமிஷம் நின்றது. 'கடும் தலைவலி' என்று எழுதினாள். வேறொருத்தர் எழுதியிருந்தால் அந்த லெட்டர் அவளிடம் தேறியிருக்காது.

பட்டறை முதலாளி அவளை உட்காரவைத்து ஃபேனை இரண்டு புள்ளி கூட்டினார். "வாங்கம்மா. நானே உங்களைக் கூப்பிட்டுப் பேசணும்னு இருந்தேன். மறைக்காம சொல்லுங்க, அவருக்கு வேற பட்டறையிலேருந்து யாராவது வலை வீசறாங்களா?"

"அதைத்தான் சார் நானும் கண்டுபிடிக்கப் பார்க்கறேன்."

"அஞ்சரைக்கு டாண்ணு எழுந்து போறார்மா. அவர் போறதைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் எழுந்து போக ஆரம்பிச்சிருக்காங்க. அதுகூடப் பரவாயில்ல. ரெண்டு வருஷத்துக்கு முந்தின ரெஜிஸ்டரை எடுத்து வச்சுக்கிட்டு சாப்பாட்டு நேரத்துல எதையோ எழுதிக்கறார். எதுக்கும்மா ஒருத்தர் பழைய ரெஜிஸ்டரைக் குடையணும்? எனக்கு எதிரா ஏதாவது சேர்க்கறாரா?"

இருவரும் ஒருவருக்கொருவர் நன்றாக ஒத்துப்போனார்கள். சந்தேகப்படுகிற இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சுக்கா பஞ்சம்? கடைசியில் முதலாளி மேஜையிலிருந்து ஒரு லெட்டரை எடுத்தார். தலைமைச் செக்கர் பதவியை ஏற்றுக்கொள்கிறேன், அன்றாடம் கடைசித் தட்டு செல்லும்வரை பணியில் இருப்பேன் என்று டைப் அடித்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார். நீங்க பேசி ஒரு கையெழுத்து வாங்கிடுங்க. நாளைக்குக் காலையில என் மேஜையில இருந்தா பதவி அவருக்குத்தான்."

"இன்னிக்கே வாங்கறேன் சார்" என்று அதை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

படி இறங்கும்போது எதிரே தண்ணீர் பாட்டிலோடு ஏறி வந்தவர் பட்டறையிலேயே மூத்த செக்கர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார், எல்லோருக்கும் பூதக்கண்ணாடி அக்கா. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் அவள் கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"என்ன தங்கச்சி, கண்ணாடி இப்போ எப்படி இருக்கு? தலைவலி விட்டுச்சா?"

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும், எனக்குத் தலைவலின்னு?"

பூதக்கண்ணாடி அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அவர் சொல்லலையா? ஐயையோ, வாயை விட்டுட்டேன்."

எக்ஸ்ரேயிடம் வாயை விட்டவர் மிச்சத்தையும் சொல்லாமல் தப்பித்ததாகச் சரித்திரம் உண்டா? படியிலேயே வழி மறித்து நின்றுகொண்டாள். பூதக்கண்ணாடி அக்கா நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"ஸ்க்ரூ டைட் பண்ணணும்னுதான் கொண்டுவந்தார். எதுக்கும் இருக்கட்டும்னு மெஷின்ல வச்சுப் பார்த்தார். பார்த்துட்டு அப்படியே நின்னுட்டார், தங்கச்சி. நான் போய், என்ன ஏழுன்னு கேட்டேன். மெஷினைக் காட்டுனார். நானும் குனிஞ்சு பார்த்தேன். உனக்கு வலக்கண்ணுக்கு ஒண்ணேகால், இடக்கண்ணுக்கு ரெண்டரை. கண்ணாடியில வலது பக்கம் ரெண்டரை இருக்கு, இடது பக்கம் ஒண்ணேகால் இருக்கு. உன் பிரேம் வட்டம் பாரு, எதை எதுல மாட்டுனாலும் உக்காந்துக்கும்."

"யாரு மாட்டுனது?"

"வேற யாரு? பொண்டாட்டிக்குன்னு அவரே ஆசையா மாட்டுனதுதான். மாட்டுன ஆள் செக் பண்ணக்கூடாது, அது இங்க சட்டம். ஆனா எட்டு மணிக்கு மேல இங்க சட்டம் ஏது? அந்த நேரத்துல நாங்க ஒரு காரியம் பண்ணுவோம், வெளியில சொல்லாதே. நாப்பது அம்பது சீட்டுல முத்திரையை முன்கூட்டியே குத்தி வச்சுக்குவோம். அப்பதான் கை வேகமா ஓடும். அப்புறம் கண்ணாடி வரும், ஏற்கெனவே குத்துன சீட்டு அதோட சேர்ந்து போயிடும். பார்த்தோமா இல்லையான்னு எங்களுக்கே தெரியாது. உன்னோடதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கே ரெண்டையும் கழட்டி இடம் மாத்தி மாட்டிட்டார், அதான் வலி விட்டுச்சு."

எக்ஸ்ரே விறுவிறுவென்று படி இறங்கினாள். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து கண்ணாடி டப்பாவை எடுத்தாள். அடியில், துணிக்குக் கீழே, இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணாடியோடு வந்த சீட்டு அப்படியே இருந்தது. வலது ஒண்ணேகால், இடது ரெண்டரை. தேதி. இரவு எட்டு ஐம்பது. ஓரத்தில் ஏழு என்ற முத்திரை, கொஞ்சம்கூடச் சாயாமல், அழகாக. எத்தனை பொய்க் கையெழுத்தைப் பிடித்தவள் அவள். இந்த முத்திரை இரண்டு வருஷமாக அவள் கைப்பையிலேயே இருந்திருக்கிறது.

புதுக் கண்ணாடி போட்ட முதல் வாரம் அவரிடம் சொன்னது ஞாபகம் வந்தது. "ஒரு மாதிரி இழுக்குதுங்க" என்றாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, கண்ணை மூடியபடி, "பழகிடும்" என்றார். அவருக்கு அவள்தான் அந்தச் சொல்லைப் பழக்கியிருந்தாள். அதற்கப்புறம் அவள் அவரிடம் தலைவலி என்று சொல்லவே இல்லை. எப்போது சொல்வது? அவர் முழித்துக்கொண்டிருக்கும் நேரம் எது? பஸ் ஒன்று வந்து போனது. அவள் அழுதாள், பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

ஆறு மணிக்குச் சாவி திரும்பியது. எக்ஸ்ரே மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் முதலாளியின் லெட்டர், அதன்மேல் அந்தச் சீட்டு, சீட்டின்மேல் வட்டக் கண்ணாடி. அவர் பார்த்தார். டிபன் டப்பாவைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"இன்னும் என்னென்னத்தை மாத்தி மாட்டி வச்சிருக்கீங்க?" என்றாள் எக்ஸ்ரே.

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னிக்கு லீவுல நீ பேப்பர் படிச்சியே, ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் படிச்சே. எத்தனை நாளா அப்படிப் படிக்கறேன்னுகூட எனக்குத் தெரியலை. பகல்ல நீ படிச்சு நான் பார்த்ததே இல்லையே."

"கண்டுபிடிச்சதும் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? ரெண்டு வருஷம் உன் தலையை நான்தான் வலிக்க வச்சேன்னா? தினமும் சொல்லணும்னுதான் எதிர்ல வந்து உக்காருவேன். வாய் வராது."

"அதுக்குத்தான் பாத்திரம் தேய்ச்சீங்களாக்கும்."

"ஆமா" என்றார், மறைக்காமல்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. அவர் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"உன் கண்ணாடி போன அந்த ஒரு ராத்திரி மட்டும், எட்டு மணிக்கு மேல என் முத்திரையில அறுபது சீட்டு போயிருக்கு. ஒண்ணு உன்னோடது. மீதி அம்பத்தொம்பது. எந்தெந்தக் கடைக்குப் போச்சுன்னு எழுதி வச்சிருக்கேன். எல்லாம் தப்பா இருக்கும்னு சொல்லலை. ஆனா எதையுமே நான் பார்க்கலை. கூப்பிட்டு ஒரு தடவை சரிபார்த்துடலாம்னு முதலாளிகிட்டக் கேட்டேன். ரெண்டு வருஷமா யாரும் கம்ப்ளைண்ட் பண்ணலையே, நீ எதுக்குக் கிளர்றேன்னார்."

"நானும்தான் பண்ணலை" என்றாள் எக்ஸ்ரே.

அவள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஐம்பத்தொன்பது பேர். எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ நெற்றியைப் பிடித்துக்கொண்டு, வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பக்கத்தில் ஒருத்தர், பழகிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

அவர் கை மெல்ல முதலாளியின் லெட்டரை இழுத்தது. மேலிருந்து கீழே படித்தார். "இதை வாங்கத்தான் போனியா?"

"ஆமா."

"கையெழுத்துப் போடணுமா?" சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். "நீ போடுன்னு சொன்னா போட்டுடறேன். உங்க அக்காகிட்ட வேற சொல்லிட்டே."

இதுதான் அந்த மூன்றாவது தடவை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எக்ஸ்ரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள், லெட்டரைத் தன் பக்கம் திருப்பினாள், கைப்பையிலிருந்து பள்ளிக்கூடத்துச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். குறுக்கே, மூலைக்கு மூலை, கொட்டை எழுத்தில் 'ஏற்க இயலாது' என்று எழுதினாள்.

"இதுக்குக் கீழே போடுங்க கையெழுத்து. நாளைக்குக் காலையில முதலாளி மேஜையில வச்சிடுங்க. பதவிதான் வேண்டாம்னோம், வேலை வேண்டாம்னு சொல்லலை."

"கோவிச்சுக்குவார்மா. ரொம்பக் கோவிச்சுக்குவார்."

"கோவிச்சுக்கட்டும். அந்த அம்பத்தொம்பது சீட்டுக்கும் கடை விலாசத்தை என்கிட்டக் குடுங்க. லெட்டர் எழுதறது என் தொழில். ஒரு நாளைக்கு நாலுன்னு எழுதுனா பதினைஞ்சு நாள்ல முடிஞ்சுடும். ஆறு மணிக்கு மேல நமக்கு வேற என்ன வேலை?"

அவர் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தார். அதைப் பார்த்து அவளுக்கும் பயம் வந்தது. நாளைக்குப் பட்டறையில் என்ன ஆகுமோ, யாருக்குத் தெரியும்? ஆனால் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி மூடிப் பையில் போட்டுவிட்டாள்.

போன் அடித்தது. ஆறே கால். அவர் பழக்க தோஷத்தில் எழுந்து டிவி பக்கம் போனார், அது ஓடவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. உதட்டில் தானே விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னடி எக்ஸ்ரே, வந்துட்டாரா?" என்றாள் அக்கா.

"வந்துட்டார்க்கா."

"என்னது? இப்பவேயா? ஏன்டி, என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா? எங்கிட்ட மறைக்காதே."

"ஒண்ணும் ஆகலைக்கா. வேலை முடிஞ்சது, வந்துட்டார்."

அந்தப் பக்கம் அக்கா டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது. அக்கா சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள் என்று எக்ஸ்ரேக்குப் புரிந்தது. பிறகு அக்கா வேறு ஏதோ குரலில், "எங்க வீட்டுல பத்தாகும்டி" என்றாள். அதில் பெருமூச்சு மட்டும்தான் இருந்தது.

"இரு அக்கா, அவர்கிட்டயே பேசு" என்று போனை வீட்டுக்காரர் கையில் திணித்தாள். அவர் திருதிருவென்று முழித்தார். அவள் உள்ளே போய், கட்டிலுக்கடியில் கையை விட்டு அவருடைய பழைய செருப்பு ஜோடியை எடுத்தாள். அதை வாசலுக்குக் கொண்டுபோய், படியேறுகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள். வலது வலப்பக்கம் இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள்.